முதலில் எந்தக் கை

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச்சாமி, தோளில் துண்டோடு. சன்னலோரப் பெஞ்சில் அவர் தம்பி பிச்சைமுத்து. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர், மடியில் பரீட்சை அட்டையும் தாளுமாக. அடுப்படி நிலையில் சாய்ந்து, பாதி உள்ளும் பாதி வெளியுமாக மருமகள் அன்புமொழி. மகன் குணசேகரன் சார்ஜாவில் இருந்தான் என்றாலும் அவனும் இருந்ததாகத்தான் சொல்லவேண்டும். ஸ்டூல் மேல் கவிழ்த்து வைத்த செல்போனிலிருந்து அவன் குரல் வந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது ஆள் பிரகதாம்பாள். கூடத்துக்கு நட்டநடுவில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரு ஆள் நீளத்துக்கு எந்தச் சாமானும் கிடையாது. சுவர் மூலை எட்டாது, நாற்காலிக் கால் எட்டாது, குத்துவிளக்கு எட்டாது. வாழ வந்த வருசத்திலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு இடம் அதுதான். விழுந்தால் பாயில் விழவேண்டும்.

எல்லோரும் கூடியது அவள் தலையைப் பற்றிப் பேச. அவளுக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்திரண்டில் ஆரம்பித்த வலிப்பு, எத்தனையோ மாத்திரை மாற்றியும் மாதம் மூன்று நாலு தடவை வராமல் போனதில்லை. போன வருசம் கிணற்றடியில் விழுந்து காறை எலும்பு முறிந்தபோதுதான், எலும்பு பார்த்த டாக்டர் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். தலை முழுக்க ஒயரை ஒட்டி, கேமராவுக்கு முன்னால் ஐந்து நாள் படுக்கவைத்தார்கள். இடது காதுக்கு நேரே மூளைக்குள் ஒரு பழைய தழும்பு இருக்கிறது, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிற மாதிரித் தெரிகிறது, ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிடலாம் என்று டாக்டர் பரிமளா சொன்னார்.

அந்த அம்மா ஒளிவுமறைவு இல்லாத மனுஷி. வயது ஒரு தடை இல்லை என்றார். இந்த வயதில் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் வலிப்பு இல்லாமல் இருக்கிறார்கள் என்றார். அதே மூச்சில், எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று எழுதித் தரமாட்டேன் என்றும் சொன்னார். சின்ன வயதுக்காரர்களைவிட ஆறுவதற்கு நாளாகும். ரத்தக் கசிவு, கிருமி மாதிரி ஆபத்துகளும் கொஞ்சம் கூடுதல். இடது பக்கம் என்பதால் பேர்களும் வார்த்தைகளும் சட்டென்று நாக்குக்கு வராமல் போகலாம்.

அப்படிப் பேர் வராமல் போன ஒருவரை பிரகதாம்பாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பார்த்தாள். அழகுமலை, பொன்னமராவதிப் பக்கம், இவளைவிட மூன்று வயது மூத்தவர், போன வருசம் இதே ஆபரேஷன் ஆனவர். முதல் மாதத்தில் ஒரு தடவை வந்ததோடு சரி, அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை என்றார். மாத்திரை மட்டும் இன்னும் விடவில்லை. ஆனால் சம்பந்தி பேர் வரமாட்டேன் என்கிறது, ஒருநாள் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பேரைத் தேடினேன் என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம் குறுக்கே விழுந்தாள். "பேரு கெடக்கு விடுங்க. பாத்ரூமுக்குப் போனா தாப்பாளப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் வெளிய வரமாட்டேங்குறாரு. உள்ள பாட்டு வேற."

பிரகதாம்பாளுக்கு அதற்கப்புறம் அந்த அம்மாள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

சிக்கல் இதுதான். ஐந்து நாள் படுத்தும் கேமராவில் மாட்டியது ஒரே ஒரு வலிப்பு. அதை மட்டும் நம்பிக் கத்தி எடுக்க முடியாது, வீட்டில் வருவதும் அதே மாதிரிதானா என்று தெரியவேண்டும், செல்போனில் படம் பிடித்து அனுப்புங்கள் என்றார் டாக்டர். வெள்ளைச்சாமி அங்கேயே முடியாது என்று எழுந்துவிட்டார். காரணம் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் அரிமளம் பஸ் ஸ்டாண்டில் அவள் விழுந்ததை எவனோ படம் பிடித்து, அது போன் போனாகத் தாவி, கடைசியில் சார்ஜாவில் குணசேகரனின் அறைத்தோழன் அவனிடமே காட்டினான். டாக்டர் வற்புறுத்தவில்லை. அப்படியானால் பார்த்தவர்கள் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார். எது முதலில் வருகிறது, எந்தக் கை முறுக்குகிறது, முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, முடிந்ததும் பேச்சு உடனே வருகிறதா. மாதக் கடைசியில் டாக்டர்கள் எல்லாம் உட்கார்ந்து முடிவு சொல்வார்கள், அதற்கு முன்னால் கடிதம் வரவேண்டும்.

பிச்சைமுத்து பேனா மூடியைக் கழற்றி, அண்ணனிடமிருந்து ஆரம்பித்தார். எந்தக் கை முதலில்?

"வலது" என்றார் வெள்ளைச்சாமி.

"இல்லப்பா, இடதுதான்" என்றது போன்.

"நீ எங்கடா பாத்தே?"

"நீங்க எங்கப்பா பாத்தீங்க?"

பிச்சைமுத்து தாளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு தன் பங்கையும் சொல்லிவிடுவது நியாயம் என்று நினைத்தவர்போல மெல்லச் சொன்னார். "எனக்கு வளையல் சத்தம்தான் தெரியும் மதினி. அது எந்தக் கை வளையல்னு சத்தத்துல எப்படிச் சொல்றது?"

அது அந்த வீட்டு வழக்கம். பிரகதாம்பாள் வாழ வந்த வருசம் மாசித் திருவிழாக் கூட்டத்தில் விழுந்து, சேலை ஒதுங்கிக் கிடக்க, ஊரே வட்டமாக நின்று பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச்சாமியின் தாயார் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தன் நினைவில்லாமல் கிடக்கிற பெண்ணை இந்த வீட்டில் எவரும் பார்க்கக்கூடாது என்று சொன்னாள். அதிலிருந்து அவளுக்கு வலிப்பு வந்தால் வெள்ளைச்சாமியின் துண்டு அவள் முகத்துக்கு வரும். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். துண்டைப் போட்ட பிறகு வெள்ளைச்சாமியும் திரும்பிக்கொள்வார். மூச்சு சீராகிற சத்தம் கேட்டபிறகுதான் யாரும் அவள் பக்கம் முகம் காட்டுவது. மாமியார் செத்து இருபது வருசமாயிற்று, வழக்கம் அப்படியே நிற்கிறது. அவளுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிரகதாம்பாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நாற்பத்தோரு வருசத்தில் ஒருவரும் பார்க்கவில்லை என்பது, பிச்சைமுத்துவின் பேனா அந்தரத்தில் நின்றபோதுதான் அவளுக்கே உறைத்தது.

பிச்சைமுத்து மனு எழுதுகிற ஆள். மனுவுக்கு என்ன வேண்டுமோ அதை எழுதித்தான் பழக்கம். தழும்பு இடது பக்கம் என்றால் முறுக்குகிற கை வலது கையாகத்தான் இருக்குமாம், இப்போது குணசேகரனே நெட்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறான், ஆகையால் வலது என்றே எழுதி ஆளுக்கொரு கையெழுத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றார்.

வெள்ளைச்சாமி ஒன்றும் எழுதவேண்டாம் என்றார். அவர் ஆரம்பத்திலிருந்தே இதற்கு எதிர். இத்தனை வருசம் ஓட்டியாயிற்று, இன்னும் கொஞ்ச நாளை ஓட்ட முடியாதா? அவர் குரல் உயர்ந்தது. "மண்டையத் தொறந்து, பேரு ஊரு மறந்து, என்னையவே யாருன்னு கேட்டு உக்காந்திருந்தா என்ன செய்வே? விழுந்தா தூக்கிவிட நான் இருக்கேன்ல. இப்ப ஒனக்கு என்ன கொறை?"

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். பிரகதாம்பாளுக்கு, சொன்னால் சிரிப்பார்களோ என்று இருந்தது.

"கதவ அடைச்சுக்கிட்டுக் குளிக்கணும்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கொல்லைப்புறக் குளியலறைத் தகரக் கதவின் தாழ்ப்பாளை, குணசேகரன் பிறப்பதற்கு முன்பே, வெள்ளைச்சாமி கழற்றி எறிந்துவிட்டார். உள்ளே விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டா போவது? ஆகவே அவள் குளிக்கும்போது வெளியே யாராவது நிற்பார்கள். முன்பு மாமியார், பிறகு நாத்தனார், இப்போது அன்புமொழி. இரண்டு நிமிசத்துக்கு ஒருதரம் வெளியிலிருந்து கூப்பிடுவார்கள், அவள் உள்ளிருந்து "ம்" சொல்லவேண்டும். தலையில் தண்ணீர் விழுகிறபோதும் "ம்". அழுகை வந்தால் அழக்கூட முடியாது, "ம்" மாறிவிடும். பஸ்ஸில் தனியாகப் போனதில்லை, அடுப்படியில் தனியாக நின்றதில்லை. அதெல்லாம்கூட இருக்கட்டும். ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் தான் மட்டும் இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

"பொய்யி எழுதி அனுப்ப வேணாம் தம்பி" என்று கொழுந்தனிடம் சொன்னாள். பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். "அடுத்த தரம் வரும்போது துண்டைப் போடாதீங்க. பாருங்க. பாத்துச் சொல்லுங்க."

வெள்ளைச்சாமி எழுந்து வயலுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அவளோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் சோறு தின்றுகொண்டே, தட்டைப் பார்த்தபடி, "சரி" என்றார்.

அப்புறம் காத்திருந்தார்கள். வரக்கூடாது, வரக்கூடாது என்று அந்த வீடு நேராத சாமியில்லை. இப்போது வரட்டும் என்று காத்திருந்தது. அது வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. அன்புமொழி பாத்திரம் கழுவும்போதும் ஒரு கண்ணை இந்தப் பக்கமே வைத்திருந்தாள். சார்ஜாவிலிருந்து தினமும் போன் வந்தது. பிச்சைமுத்து காலையில் பால் வாங்க வருகிறபோதே சன்னல் வழியே கேட்பார்: "இன்னைக்கு ஏதும் உண்டா மதினி?"

"மாடு கன்னு போட்டுருச்சான்னு கேக்குற மாதிரில்ல கேக்குறீங்க" என்றாள் அவள்.

இரண்டாவது வாரமும் போயிற்று. பிரகதாம்பாளுக்கு ராத்தூக்கம் கெட்டது. மாதம் முடிய இன்னும் சில நாள்தான். எத்தனையோ வருசம் வேண்டாதபோதெல்லாம் வந்தது, வேண்டும் என்கிறபோது இப்படிப் பதுங்குகிறதே என்று அதன்மேல் அவளுக்கு ஆத்திரமே வந்தது. வெள்ளைச்சாமியோ நாளுக்கு நாள் தெளிந்தார். நான் சொன்னேனா இல்லையா, அதுவே நின்றுவிட்டது, ஆபரேஷனாவது ஒன்றாவது என்று கடைவீதி வரைக்கும் சொல்லியாயிற்று. அந்தத் தைரியத்தில்தான், அரிமளத்து மண்டபத்தில் அவருடைய அக்காள் பேத்திக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வந்தபோது, அவளையும் கூட்டிக்கொண்டு போனார். நாலு பேர் கூடுகிற விசேஷத்துக்கு அவளை அழைத்துப் போய்ப் பல வருசமாகியிருந்தது. அவள் பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டாள்.

இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்கள். இலைக்குத் தண்ணீர் தெளித்து, கூட்டும் பொரியலும் வைத்துக்கொண்டு போனார்கள். அன்புமொழி இடது பக்கம். வலது பக்கம் யாரோ ஒரு சொந்தக்காரப் பெண், அதற்கடுத்த இலையில் வெள்ளைச்சாமி. பாயசம் ஊற்றிவிட்டுப் போன கையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அடிவயிற்றிலிருந்து அது கிளம்பியது. குளிர்ந்த ஒன்று நெஞ்சுக்கு ஏறியது. இரும்பைச் சுட்ட வாடை வந்தது. இந்த மண்டபம், இந்த இலை, எதிர்வரிசையில் சோறு பிசைகிற கை, எல்லாம் முன்னமே ஒருதரம் நடந்து முடிந்தது மாதிரித் தோன்றியது. அவளுக்குத் தெரியும், அதற்குமேல் நாலைந்து மூச்சுதான்.

இங்கேயா என்று நினைத்தாள். இத்தனை பேருக்கு முன்னாலா.

அவள் புருசன் பக்கம் திரும்பினாள். அவர் முகம் மாறிவிட்டது, புரிந்துகொண்டுவிட்டார். அவர் கை தோளுக்குப் போனது, துண்டின் முனையைப் பிடித்தது. "பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னாளா, நினைத்தது மட்டும்தானா என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு வெளிச்சம் வந்தது. மேலே டியூப் லைட். அதற்குக் கீழே ஒரு முகம். வெள்ளை மீசை, கன்னத்தில் ஒரு மரு. ரொம்ப வேண்டிய முகம் என்று தெரிந்தது, பேர் மட்டும் இல்லை. பேர் இருந்த இடத்தைத் துழாவினால் வெறும் இடம்தான் இருந்தது. அந்த முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் சிவந்து, வாய் திறந்து, இமை தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நினைவு திரும்பும்போது ஒரு முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எப்போதும் துணியின் நூல்தான் தெரியும். தலைக்குக் கீழே ஏதோ மெத்தென்று இருந்தது. அவருடைய துண்டு.

கண்ணை அகலத் திறந்தபோது மற்றதும் தெரிந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். பட்டுச் சேலை முதுகு, வெள்ளைச் சட்டை முதுகு, பரிமாறுகிறவர்களின் ஈர முதுகு. எச்சில் கையோடு எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். இந்தப் பக்கம் திரும்பியிருந்தது இரண்டு பேர்தான், அவரும் அன்புமொழியும்.

வீட்டுக்கு வந்தபிறகு அன்புமொழிதான் நடந்ததைச் சொன்னாள். மாமா துண்டை உருவினார், முகத்துக்குக் கொண்டுபோனார், பாதியில் கை நின்றுவிட்டது. சட்டென்று அதைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்தார். எழுந்து நின்று, எல்லோரும் திரும்பி நில்லுங்கள் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். யாரோ ஒரு பையன் போனைத் தூக்கினான். "நீயுந்தான்" என்றார். அவனும் திரும்பிவிட்டான். அப்புறம் அத்தைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

வெள்ளைச்சாமி பொழுது சாய்கிறபோது பாயில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வலிக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அப்ப நான் எங்க இருக்கேன்."

அவர் தன் கையை மடக்கி, விரித்து, பார்த்துக்கொண்டார். "இத்தனை வருசமும் காதாலதான் பாத்திருக்கேன். சத்தம் அடங்கிருச்சா, அப்பச் சரி. இப்படின்னு தெரியாதுடி." கொஞ்சம் கழித்து, "ஆபரேசன் பண்ணிருவோம்" என்றார்.

மறுநாள் காலையே பிச்சைமுத்துவை வரச்சொன்னார். இந்தத் தடவை எழுத விஷயம் இருந்தது. வெள்ளைச்சாமி பார்த்ததைத் தனியாகவும் அன்புமொழி பார்த்ததைத் தனியாகவும் கேட்டு, பிச்சைமுத்து எண் போட்டு எழுதினார். முதலில் பார்வை நிலைகுத்தியது. எதையோ மெல்லுகிற மாதிரி வாய் அசைந்தது. இடது கை சேலையைப் பிசைந்துகொண்டே இருந்தது. வலது கை முழங்கையில் மடங்கி, விறைத்து, விரல்கள் முறுக்கின. முகம் வலது பக்கம் திரும்பியது. பிறகுதான் உடம்பு முழுக்க உதறியது. முடிந்தபிறகு பேச்சு வர ரொம்ப நேரமானது. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போயிற்று. டாக்டர் சொன்ன தழும்புக்கும் அது பொருந்துகிறது என்று போனில் குணசேகரன் உற்சாகமாகச் சொன்னான். வெள்ளைச்சாமி கையெழுத்துப் போட பேனாவை வாங்கிவிட்டார்.

"மாமா, இன்னொன்னு இருக்கு" என்றாள் அன்புமொழி.

வேறு மாதிரியும் வருவதுண்டு என்றாள். கடலையைப் பன்றி அழிக்காமல் காவல் காக்க மாமா வயலில் படுத்த நாட்களில் அத்தைக்குத் துணையாக இவள் படுத்தாளே, அப்போது விடியற்காலையில் தூக்கத்திலேயே இரண்டு தடவை வந்தது. மாமா இல்லாததால் துண்டு போட ஆளில்லை. திரும்பிக்கொள்ளவேண்டும் என்று தெரிந்தும் அவளால் திரும்ப முடியவில்லை, பார்த்துவிட்டாள். வழக்கத்தை மீறிவிட்டோமே என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு தடவையும் மெல்லுவது இல்லை, பிசைவது இல்லை. எடுத்த எடுப்பில் இடது கைதான் விறைத்து மேலே தூக்கியது.

பிச்சைமுத்து பேனாவை வைத்தார். வெள்ளைச்சாமி மருமகளை முறைத்தார். "தூக்கக் கலக்கத்துல எதையாவது பாத்திருப்பே."

"இல்ல மாமா. நல்லாப் பாத்தேன்."

இப்போது எதற்கு இதைக் கிளப்புகிறாய் என்றான் குணசேகரன். பிச்சைமுத்து ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டார். பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டு விதமாக வருகிறது என்றால் மறுபடி வந்து படுக்கவேண்டியிருக்கும். அதற்கப்புறம் ஆபரேஷன் செய்யலாம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம்.

"வேணாம்னும் சொல்லிருவாங்களாம்" என்றார் வெள்ளைச்சாமி. ஒரு மாதத்துக்கு முன்னால் அதைக் கேட்டிருந்தால் அவருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்திருக்கும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு தடவை. இருட்டுல பாத்தது. அத எழுதாட்டி என்ன கெட்டுப்போச்சு?"

பிரகதாம்பாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு அன்புமொழி மேல்தான் முதலில் கோபம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா? குளிக்கிறபோது கதவுக்கு வெளியே நிற்பவள் இவள்தானே, இவளுக்குமா தெரியவில்லை? பின்னாலேயே வந்த அன்புமொழி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெசந்தானா?"

"நெசந்தான் அத்தை." அவள் குரல் இறங்கிவிட்டது. "எழுத வேணாம்னு நீங்க சொல்லுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். மாமாவும் அவுகளும் சொன்னா மட்டும் கேக்க மாட்டேன்."

பிரகதாம்பாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் கடிதம் பால் மாதிரி சுத்தமாக இருக்கும். மாதக் கடைசியில் சரி என்று சொல்லிவிடுவார்கள். மழைக்கு முன்னால் ஆபரேஷன் முடிந்துவிடும். அவள் மனசு தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே போய் நின்றது. ஆனால் அழகுமலையின் நினைப்பைத் தாண்டிப் போகவும் முடியவில்லை. அவருக்குப் பேர் போயிற்று, வலிப்பும் போயிற்று. கொடுத்தார், வாங்கினார். தன் தலையில் அந்தத் தழும்பை எடுத்துப் போட்ட பிறகும், வலிப்பு வேறொரு இடத்திலும் குடியிருந்தால்? மண்டபத்தில் கண் திறந்தபோது புருசன் பேரைத் துழாவின அந்த வெறும் இடம் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நிரம்பிவிட்டது. நிரம்பாமலே போய், விடியற்காலையில் கையும் விறைத்தால்?

கூடத்துக்குத் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க தம்பி. அன்புமொழி பாத்ததையும் எழுதுங்க."

வெள்ளைச்சாமி ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. "கத்தி வைக்கிறது என் தலையில. பேரும் போயி, வலிப்பும் நிக்காம, நான் உக்காந்திருந்தா அப்ப நீங்க எந்தப் பக்கம் பாப்பீங்க?"

பிச்சைமுத்து புதுத் தாள் எடுத்து, முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினார். "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து, டாக்டர் பெண்ணாயிற்றே என்று நினைவு வந்து அடித்து, மறுபடி தாள் எடுத்தார். வெள்ளைச்சாமி பார்த்தது ஒன்று என்றும், அன்புமொழி பார்த்தது மூன்று, அதில் விடியற்காலையில் வந்த இரண்டு வேறு மாதிரி என்றும் பிரித்து எழுதினார். தானும் குணசேகரனும் எதையும் பார்த்ததில்லை என்று ஒரு வரி சேர்த்தார். இதற்கு முந்தியவற்றை இந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று இன்னொரு வரி. அந்த வரியை எழுதும்போது கொஞ்சம் நிறுத்தி, எழுதத்தான் வேண்டுமா என்பதுபோல மதினியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். வெள்ளைச்சாமி தன் பேரை மெதுவாக எழுதினார். அன்புமொழி எழுதினாள். கடைசியில் பிரகதாம்பாளும், கேட்டுச் சம்மதித்தேன் என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் நாளை மறுநாள் மதுரைக்குப் போய்விடும் என்று கணக்கு. பதினோரு மணி பஸ்ஸில் அரிமளத்துக்குப் புறப்பட்டார்கள், வெள்ளைச்சாமியும் அவளும். பஸ்ஸில் கம்பியோரம் அவரும் சன்னலோரம் அவளுமாக உட்கார்ந்தார்கள். உறை அவள் மடியில், இன்னும் ஒட்டாமல் இருந்தது. தைல மரங்கள் பின்னால் ஓடின. மூன்றாவது நிறுத்தத்தில் அவர், அடுத்த முறை படுக்கப் போகும்போது தானும் கூடவே ஆஸ்பத்திரியில் தங்கிவிடுவதாகவும், கடலையைப் பிச்சைமுத்து பார்த்துக்கொள்வான் என்றும் சொன்னார். அவள் சரி என்றாள்.

தபால் ஆபீஸில் கூட்டமில்லை. மேசை மேல் கோந்து பாட்டில் இருந்தது. பிரகதாம்பாள் கடிதத்தை எடுத்து, மடிப்பைச் சரிபார்த்து, திரும்ப உறைக்குள் வைத்தாள். கோந்தில் விரலை வைத்தபோது வெள்ளைச்சாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இல்லை.

"பெரகதா. வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லட்டும். பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் உறையின் வாய் நெடுகக் கோந்தைத் தடவி, மடக்கி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். கோந்து விளிம்பில் பிதுங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கி எடை போட்டாள், பின்கோடு சரியா என்று கேட்டாள், ஸ்டிக்கரை ஒட்டி முத்திரை குத்தினாள். ரசீதைக் கொடுத்துவிட்டு, உறையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.